வானம் பார்த்த பூமியும் கெடு தவறாத கடனும்

இராமநாதபுரம் மாவட்டத்தின் ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாயைப் பற்றி 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்றொரு சொலவடை உண்டு. நாற்பத்தெட்டு மடைகளைக் கொண்ட அந்தக் கண்மாயை ஒரு நாரையால் ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாது என்பது அதன் பொருள். 2016ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. அதனை அடுத்த தை மாதத்தில் நாம் அக்கண்மாய்க் கரையில் நின்றிருந்தோம். நாரை பறக்க வேண்டிய தேவையே இல்லாதபடி கண்மாய் வெடித்துக் கிடந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், நம் முகக்குறிப்பைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மழை வந்தா உண்டு, வராட்டி இல்ல தம்பி. ஆனா சொசைட்டிக் கெடு மட்டும் ஒரு வருசமும் பொய்க்காது."

அவர் சொன்னதில் இம்மாவட்டத்தின் இருநூறாண்டுப் பொருளியல் வரலாறு அடங்கியிருப்பதாக நமக்குத் தோன்றியது. மழை பொய்த்தால் அந்த நட்டம் யாருடையது? அரசனுடையதா, ஜமீனுடையதா, கடன் கொடுத்தவனுடையதா, உழுதவனுடையதா? ஒவ்வொரு காலமும் இக்கேள்விக்கு ஒரு விடையை எழுதி வைத்திருக்கிறது. அவ்விடைகளை வரிசைப்படுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நிலத்தைப் பற்றிச் சில சொற்கள். வைகை கடலை எட்டுமுன் கண்மாய்களில் அடங்கிப்போகும் ஆறு. அதன் கடைசிப் பெருங்கொள்ளிடம் இராமநாதபுரம் பெரிய கண்மாய். மேட்டிலிருந்து பள்ளத்துக்குச் சங்கிலியாகக் கோத்த கண்மாய்களே இம்மண்ணின் பாசனம். ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை என்பது அவ்வளவு குறைவன்று. ஆனால் அதன் பெரும்பகுதி ஐப்பசியையும் கார்த்திகையையும் நம்பியிருக்கிறது. புரட்டாசியில் புழுதி விதைப்பாக நெல்லைத் தூவிவிட்டு உழவர்கள் வானத்தைப் பார்க்கிறார்கள். விதை, உழவு, உரம் ஆகிய செலவுகள் எல்லாம் மழைக்கு முன்னர்; மழை வருமா என்பது தெரிவதோ பின்னர். இம்மண்ணில் வேளாண்மை என்பதே வானத்தின் பேரில் எழுதிக்கொடுத்த ஒரு கடன் பத்திரம்தான்.

பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பிவிடலாம் என்ற எண்ணம் முதலில் தோன்றியதும் இவ்விடத்தில்தான். 1789ஆம் ஆண்டில் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை மேற்கு மலைக்கு ஆட்களை அனுப்பி அதற்கான வழி பார்க்கச் செய்தார்; பொருள் வசதி இன்மையால் அது கைகூடவில்லை. நூறாண்டு கழித்துப் பென்னிகுவிக் கட்டிய அணை 1895இல் திறக்கப்பட்டபோது, அந்நீரின் பெரும்பயன் மதுரைச் சீமையோடு நின்றது. 1959இல் வைகை அணை வந்த பின்னும் கடைமடை கடைமடையாகவே இருந்தது. நம்பிக்கையான நீர் வாய்க்காத நிலையில், நட்டத்தைப் பங்கிடும் முறைதான் இங்கே பாசனத்துக்கு அடுத்த பெரிய ஏற்பாடாக இருந்திருக்க வேண்டும்.

சேதுபதிகளின் நாட்டில் கண்மாய்ப் பாசன நஞ்சைக்கு அந்த ஏற்பாடு 'வாரம்' என்ற பெயரில் இருந்தது. கதிரறுத்துக் களத்தில் நெல் குவிந்ததும், ஊர்ப் பணியாளர்களுக்கு உரிய 'சுதந்திரம்' எனப்பட்ட படிகள் முதலில் அளந்து கொடுக்கப்படும். எஞ்சியதை அரண்மனையும் குடியும் பங்கிட்டுக்கொள்ளும். விளைச்சல் பாதியானால் அரண்மனைப் பங்கும் பாதி; பயிர் சாவியானால் இருவருக்கும் இல்லை. புஞ்சைக்குப் பணத் தீர்வை உண்டு என்றாலும் குடும்பத்தின் உயிர்நாடி நஞ்சைதான். வாரத்தில் இன்னொரு நன்மையும் உள்ளடங்கி இருந்தது. தன் பங்கு கண்மாய்த் தண்ணீரில் கிடப்பதால், கரை உடைந்தால் அடைப்பதும் மடையைச் செப்பனிடுவதும் அரண்மனைக்கே தேவையான வேலைகள் ஆயின.

சொற்களும் இதற்குச் சான்று கூறுகின்றன. களத்தில் குவிந்த நெல்லைப் 'பொலி' என்கிறோம். சோழர் காலக் கல்வெட்டுகளில் வட்டியைக் குறிக்கும் சொல் 'பொலிசை'. பொலிதல் என்றால் பெருகுதல். பெருகியதில் ஒரு பங்கே வட்டி என்னும் எண்ணம் அச்சொல்லின் அடியில் இருக்கிறது. பெருகாத ஆண்டிலும் பெருகும் வட்டி என்பது அச்சொல்லுக்கே முரண். நிலத்தை ஈடாகக் கொடுத்து, வட்டிக்குப் பதிலாக அதன் விளைவைக் கடன் கொடுத்தவர் அனுபவிக்கும் 'ஒத்தி'யிலும் இந்த எண்ணம் உண்டு. மழை பொய்த்தால் ஒத்தி பிடித்தவருக்கும் அவ்வாண்டு வட்டி இல்லை. ஆனால் உழுதவர் கையில் நிலமும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வாரத்தைப் பொற்காலமாகப் பாட நாம் முனையவில்லை. அரண்மனை ஆள் வந்து அளக்கும்வரை நெல்லைத் தொட முடியாது. அவர் வரத் தாமதித்தால் குவியல் மழையில் நனையும். அளவையில் சூது, காவலுக்குப் படி, கணக்கனுக்குக் கையூட்டு என்று களத்திலேயே குடியின் பங்கு கரையும். பணமாகவே கட்டிவிடுகிறோம் என்று குடிகள் தாமாகவே கேட்ட இடங்களும் உண்டு. களத்தில் நடந்த அநீதி உண்மை. நட்டம் இருவருக்கும் பொது என்ற ஏற்பாடும் உண்மை. பின்னால் வந்தவர்கள் அநீதியை நீக்கும் முயற்சியில் அந்த ஏற்பாட்டையும் சேர்த்தே நீக்கிவிட்டார்கள்.

இதன் தொடக்கம் மேலிருந்து வந்தது. 1795இல் முத்துராமலிங்க சேதுபதியைப் பதவி நீக்கிச் சிறைப்படுத்திய கும்பினி, 1802ஆம் ஆண்டின் 25ஆம் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, 1803இல் மங்களேஸ்வரி நாச்சியாருக்கு நிரந்தர ஜமீன் சன்னது வழங்கியது. நாட்டுக்கு உரியவராக இருந்த சேதுபதி, ஆண்டுதோறும் குறித்த தொகையைப் பேஷ்குஷ் என்ற பெயரில் கட்டும் ஜமீன்தார் ஆனார். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அத்தொகை மாறாது. பாக்கி விழுந்தால் ஜமீன் ஏலத்துக்கு வரும். கீழே குடிகளிடமிருந்து கிடைப்பது விளைச்சலோடு ஏறி இறங்கும் பங்கு. மேலே கட்ட வேண்டியது கல்லில் எழுதிய தொகை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தைக் கடன் வாங்கித்தான் நிரப்ப முடியும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் இராமநாதபுரம் ஜமீன் கடனோடும் வழக்குகளோடும் உழன்றதற்கு அரண்மனைச் செலவுகளையும் வாரிசுப் பூசல்களையும் காரணமாகக் கூறுவது வழக்கம். அவை பொய்யல்ல. 1893இல் விவேகானந்தரின் சிகாகோ பயணத்துக்குத் துணைநின்றவரென்று நாம் போற்றும் பாஸ்கர சேதுபதி, 1889இல் பட்டமேற்று 1903இல் தம் முப்பத்தைந்தாம் வயதில் மறைந்தபோது, பெருங்கடன் ஜமீனை அழுத்திக்கொண்டிருந்தது. ஆயினும் வள்ளன்மையை மட்டுமே குற்றஞ்சாட்டுவது முழு உண்மையாகாது. மழையை நம்பிய நாட்டின் மீது மழையை அறியாத ஒரு தொகை சுமத்தப்பட்டிருந்தது. கடன்பட்ட ஜமீன் கண்மாய்க்குச் செலவழிக்குமா? மடைகள் சிதைந்தன, கரைகளில் முள் முளைத்தது. மேலே பொறுக்க முடியாத நட்டம் படிப்படியாகக் கீழே இறங்கியது.

1908ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட் நிலச் சட்டம் குடிகளுக்கு நிலத்தின் மீது நிலையான உரிமையைத் தந்தது. அது மிகப் பெரிய நன்மை. அதே சட்டத்தின் 40ஆம் பிரிவு, வாரத்தைப் பணக் குத்தகையாக மாற்றிக்கொள்ளவும் வழி செய்தது. களத்து அநீதியிலிருந்து விடுபட்ட குடி, விளைச்சல் எதுவானாலும் பணம் கட்ட வேண்டியவரானார். 1930க்குப் பின் உலகப் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்தபோது, இதன் பொருள் எல்லோருக்கும் விளங்கியது. நல்ல மழை பெய்தும் நட்டம் வரலாம் என்பதை நம் உழவர்கள் அப்போது கற்றுக்கொண்டார்கள்.

அரசியல் அதற்கு விரைவாகவே விடையளித்தது. இராஜாஜி அமைச்சரவையின் 1938ஆம் ஆண்டு சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபருக்கு முந்திய கடன்களுக்கு 1937 அக்டோபர் முதல் நாளில் நிலுவையாக இருந்த வட்டியை அடியோடு நீக்கியது. அசலைப்போல் இரு மடங்கு கட்டியவருக்குக் கடன் தீர்ந்தது என்றது. 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டப்படி 1949இல் இராமநாதபுரம் ஜமீனை அரசு ஏற்றது. குடிக்கும் அரசுக்கும் நடுவே இனி யாருமில்லை. ஆனால் அந்த நடுவாள் ஏற்றுக்கொண்டிருந்த பங்கு நட்டத்தை ஏற்கவும் இனி யாருமில்லை.

இவ்வளவு நாளும் குடும்பங்கள் எப்படிப் பிழைத்தன என்று கேட்டால், விடை கடலுக்கு அப்பால் இருக்கிறது. இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளின் நகரத்தார், இந்த வறண்ட நிலத்துக்குக் கடன் கொடுப்பதைவிட, மழை தவறாத ஐராவதி ஆற்றுப் படுகையின் நெல் வயல்களுக்குக் கடன் கொடுப்பதையே விரும்பினார்கள். கீழ்ப் பர்மாவின் பதின்மூன்று நெல் மாவட்டங்களில் 1930இல் அவர்கள் கைவசம் இருந்த நிலம் நூற்றுக்கு ஆறு. விலைச் சரிவால் கடன் கட்ட முடியாத பர்மிய உழவரின் வயல்கள் வந்துசேர, 1938இல் அது நூற்றுக்கு இருபத்தைந்தாயிற்று. அங்கேயும் நட்டம் முதலில் உழுதவருடையதாகவே இருந்தது. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பும் 1948இல் பர்மாவின் நில தேசியமயச் சட்டமும் வந்தபோது, கடன் கொடுத்தவர்களும் எல்லாவற்றையும் இழந்தார்கள். நட்டத்தை முழுக்க ஒரு பக்கம் ஒதுக்கிவைக்கும் ஏற்பாடு எப்போதாவது ஒருநாள் மறுபக்கம் கவிழும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை.

முதல் இல்லாதவர்கள் உடலைக் கொண்டுபோனார்கள். இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர்களை மண்டபம் முகாமில் தடுத்துவைத்து, நோயில்லை என்று தேர்ந்த பின்னரே அனுப்பினார்கள். 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியது. கங்காணி கொடுத்த முன்பணத்தை ஒரு சீட்டில் எழுதினார்கள். அதற்குத் 'துண்டு' என்று பெயர். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் அத்தோட்டம் அத்துண்டைத் தீர்க்க வேண்டும். 1921இல் ஒழிக்கப்படும்வரை, வயலில் விழுந்த கடனின் தன்மையும் கடலைத் தாண்டிச் சென்றது. வயலின் நட்டத்தை வயலுக்கு வெளியே ஈட்டிய கூலி கொண்டு அடைப்பது அன்று முதல் இம்மாவட்டக் குடும்பங்களின் வழக்கமாயிற்று. பின்னாளில் கொழும்பின் இடத்தில் வளைகுடா வந்தது, வழக்கம் மாறவில்லை.

உள்ளூரில் கூட்டுறவு வந்தது. 1890களில் பிரெடரிக் நிக்கல்சன் அளித்த அறிக்கையை ஒட்டி, 1904இல் கூட்டுறவுச் சட்டம் பிறந்தது. ஐம்பதாண்டு கழித்து, 1954இல் வெளிவந்த அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வு, உழவர் பெற்ற கடனில் கூட்டுறவின் பங்கு 3.1 விழுக்காடே என்றது. லேவாதேவிக்காரரின் பங்கோ ஏறத்தாழ 70 விழுக்காடு. கூட்டுறவு தோற்றது, ஆனாலும் அது வென்றாக வேண்டும் என்பதே அவ்வாய்வின் முடிவு. இன்று நிலைமை பெரிதும் மாறியிருக்கிறது. தமிழகத்தில் கெடுவுக்குள் பயிர்க்கடனைக் கட்டுபவருக்கு வட்டியே இல்லை. உலகில் எத்தனை நாடுகளின் உழவருக்கு இது வாய்க்கும்!

ஆயினும் 'கெடுவுக்குள்' என்ற ஒரு சொல்லில் எல்லாமும் தங்கியிருக்கிறது. நல்ல ஆண்டில் யாரும் கெடுவுக்குள் கட்டுவார்கள். அப்போது சலுகை முழுதாகக் கிடைக்கிறது. மழை பொய்த்த ஆண்டில் கெடு தவறுகிறது, சலுகையும் தவறுகிறது. மிகவும் வேண்டிய ஆண்டில் கை நழுவும் உதவி அது. ஆகவே குடும்பத்தினர் கெடுநாளுக்கு முன் எங்காவது பணம் புரட்டிச் சொசைட்டியில் கட்டி, அடுத்த வாரம் புதுக்கடன் எடுத்து, புரட்டிய இடத்தில் திருப்பித் தருகிறார்கள். ஏட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கும். அந்த ஒரு வாரத்துக்கான வட்டி மட்டும் எந்த ஏட்டிலும் வராது.

அப்படிப் புரட்டும் இடம் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கழுத்துதான். புழுதி விதைப்புக் காலத்தில் அடகுக்குப் போகும் நகை, தை அறுவடையில் திரும்ப வேண்டும். திரும்பாத ஆண்டில் மறு அடகாகிறது. மகள் திருமணத்துக்கென்று சேர்த்த சவரன்கள்தான் இம்மண்ணின் உண்மையான பயிர்க் காப்பீடு. அதன் பிரீமியத்தைக் கட்டுபவர்கள் பெண்கள். பட்டாவில் அவர்கள் பெயர் இருப்பதோ அரிது.

தள்ளுபடிகளும் வந்தன. 2006, 2016, 2021 ஆகிய ஆண்டுகளில் தமிழக அரசு கூட்டுறவுக் கடன்களைத் தள்ளுபடி செய்தது. 2021இல் அறிவித்த தொகை 12,110 கோடி ரூபாய். பயன் பெற்றோர் 16.43 இலட்சம் பேர். நெருக்கடியில் இருந்த குடும்பங்களுக்கு அது உயிர் கொடுத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் இம்மூன்று ஆண்டுகளும் தேர்தலை ஒட்டியவை. மழை அந்நாட்காட்டியைப் பார்த்துப் பொய்ப்பதில்லை. கெடுவுக்காக நகையை விற்றுக் கட்டியவருக்குத் தள்ளுபடியில் ஒன்றுமில்லை. அடங்கலில் பெயரில்லாத வாரக்காரருக்கோ கடனே இல்லை, பிறகு தள்ளுபடி எங்கே? நட்டத்தை அரசு ஏற்றுக்கொள்வது நல்லதுதான், எப்போது, யாருடையதை ஏற்கும் என்பது முன்கூட்டித் தெரியாத வரையில், அது உரிமையாகாது, கொடையாகவே நிற்கும்.

உரிமையாக வர வேண்டியது காப்பீடு. மழை குறைந்தால் இழப்பீடு என்ற திட்டத்தை, மைசூரைச் சேர்ந்த ஜே.எஸ்.சக்கரவர்த்தி 1920இலேயே ஒரு நூலாக எழுதி வெளியிட்டார். நாடு தழுவிய பயிர்க் காப்பீட்டுக்கு 1985 வரை காத்திருக்க நேர்ந்தது. அது 1999இல் மாற்றம் பெற்று, 2016 முதல் பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டமாக நடக்கிறது. குளிர்கால உணவுப் பயிருக்கு உழவர் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை விழுக்காடு. ஏக்கருக்கு முப்பதாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 450 ரூபாய். மீதியை மத்திய, மாநில அரசுகள் ஏற்கின்றன. 1803க்குப் பின் மழையின் நட்டத்தைப் பொதுவில் வைத்த முதல் பெரிய ஏற்பாடு இதுதான் என்று சொன்னாலும் தவறில்லை. குறை கூறுமுன் இதை ஒப்புக்கொள்வது நேர்மை.

குறை கணக்கில் இருக்கிறது. வறட்சி இழப்பை ஒவ்வொரு வயலாகப் பார்ப்பதில்லை. ஓர் ஊரில் நான்கு இடங்களில் பயிர் அறுத்து எடை பார்த்து, அச்சராசரியை ஊர் முழுவதற்கும் வைக்கிறார்கள். கண்மாய்ப் பாசன ஊரை அறிந்தவர்களுக்கு இதன் சிக்கல் விளங்கும். மடையருகு வயல் விளைந்து கடைமடை வயல் கருகுவது ஆண்டுதோறும் காணும் காட்சி. சராசரியில் கடைமடை மறைந்துவிடும். அடுத்து, எது இயல்பான விளைச்சல் என்பது. கடந்த ஏழாண்டுகளில் சிறந்த ஐந்தின் சராசரியை அடிப்படையாகக் கொள்கிறார்கள். ஏழில் மூன்று ஆண்டுகள் பொய்த்த ஊரில் இரண்டு வறட்சிகளே விலக்கப்படும். மூன்றாவது வறட்சி 'இயல்பு' என்று கணக்கில் ஏறும். அடிக்கடி வறளும் ஊருக்கு இயல்பே தாழ்ந்துபோகிறது. அதனால் இழப்பீடும் தாழ்கிறது.

இந்நிலையில் குடும்பங்கள் தமக்குத் தாமே செய்துகொண்ட ஏற்பாடுகளையும் பார்க்க வேண்டும். நெல்லுக்குத் துணையாக மிளகாய். இராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆயினும் கமிஷன் கடையில் முன்பணம் வாங்கியவர் விலை ஏறும்வரை வற்றலை வைத்திருக்க முடியாது. தரிசில் சீமைக்கருவேலம். நீரை உறிஞ்சும் நச்சு மரம் என்று நாம் எல்லோரும் எழுதுகிறோம்; விதையும் உரமும் கேட்காமல், மழை பொய்த்தாலும் பொய்க்காமல், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கரிமூட்டத்துக்கு விலைபோகும் ஒரே பயிர் அது என்பதை உழவர் அறிவர். அதை அகற்றச் சொல்பவர்கள் அது கொடுத்த வருமானத்துக்கு மாற்றும் சொல்ல வேண்டும். தங்கச்சிமடத்தில் கடற்கரை மணலில் சிறு துண்டு நிலங்களில் மல்லிகை நாற்று வளர்க்கிறார்கள். அங்கே கண்மாய் இல்லை. மணலுக்கடியில் நன்னீர் ஆழமில்லாமல் கிடக்கிறது. வானத்தை நம்பாத ஒரு நீர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், சிறு நிலமும் ஒரு குடும்பத்தைத் தாங்கும் என்பதை அந்த நாற்றங்கால்கள் காட்டுகின்றன.

2015-16ஆம் ஆண்டின் வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஒரு பண்ணையின் சராசரி அளவு 0.75 ஹெக்டேர்; இரண்டு ஏக்கருக்கும் குறைவு. தேசிய மாதிரி ஆய்வின் 2019ஆம் ஆண்டுக் கணக்கில், இந்திய வேளாண் குடும்பமொன்றின் மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் கூலியால் வருவது 4,063. பயிரால் வருவது 3,798. விவசாயி என்று நாம் அழைப்பவர் கணக்குப்படி முதலில் கூலிக்காரர், அதன் பிறகே விவசாயி. மண்டபம் முகாமில் தொடங்கிய வழக்கம் இன்று நாட்டின் சராசரியாகிவிட்டது.

இனி என்ன செய்யலாம் என்பதைப் பொருளியலாளர்கள் கூறட்டும். இலக்கியம் படித்த நமக்குக் கைவந்தது பழைய சொற்களைக் கிளறுவது. வருவாய்த்துறை ஏடுகளில் 'வஜா' என்றொரு சொல் உண்டு. நஞ்சையில் பயிர் சாவியானால் தீர்வையைக் கழித்துவிடுவதற்கு அப்பெயர். கர்ணம் வயல்வெளியில் நடந்து, எந்தப் புல எண்ணில் என்ன பயிர், விளைந்ததா, கருகியதா என்று அடங்கலில் எழுதுவார். ஆண்டுதோறும் ஜமாபந்தியில் அதை வைத்து வஜா முடிவாகும். தன் வரியைக் கணக்கிட, ஊர்ச் சராசரி அல்லாமல் வயலையே பார்த்தது அன்றைய அரசு. அந்த அடங்கல் இன்றும் எழுதப்படுகிறது. ஜமாபந்தியும் ஆண்டுதோறும் நடக்கிறது. நிலவரியோ பெயரளவாகச் சுருங்கிவிட்டது. குடும்பத்தை அழுத்துவது இப்போது கடனின் கெடு. வரிக்கு இருந்த வஜா கெடுவுக்கும் வரக் கூடாதா? எந்த வயல் கருகியது என்று அடங்கல் சொல்கிறதோ, அந்த வயலின் கெடு யாரும் மனுப்போடாமல் அடுத்த அறுவடைக்குத் தள்ளிப்போகட்டும். வட்டிச் சலுகையும் அதனோடு சேர்ந்து போகட்டும்.

2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி என்று அறிவித்து, பயிர்க்கடன்களை மத்திய காலக் கடன்களாக மாற்ற அரசு ஆணையிட்டது. செய்ய முடியும் என்பதற்கு அதுவே சான்று. மாநிலமே வறண்டால் செய்யத்தக்கது, ஒரு கடைமடை வறண்டாலும் செய்யத்தக்கதே. கண்மாய்க் கரையில் நாம் சந்தித்த பெரியவர் கடனைத் தள்ளுபடி செய்யுமாறு கேட்கவில்லை. மழை தவறிய ஆண்டில் கெடுவும் தவறலாம் என்ற பழைய நியாயத்தையே அவர் கேட்டார். களத்துக் குவியலை நடுவில் வைத்து அளந்த காலத்தில் அவருடைய முன்னோர்க்கு, எத்தனையோ அநீதிகளுக்கு நடுவே, அது ஒன்றாவது இருந்தது.